நாசி ஒவ்வாமை: மருத்துவச் சிந்தனையின் வளர்ச்சி பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெருங்கொள்ளை நோய்களையே தம் ஆய்வுப் பொருளாகக் கொள்வர். பெரியம்மை, வாந்திபேதி, மலேரியா ஆகியவை மனித சமுதாயத்தின் போக்கையே மாற்றியவையாதலின் அவை பற்றி விரிவாக எழுதப்படுவது பொருத்தமே. தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் ஒரு வரலாறு உண்டென எவரும் எளிதில் எண்ணுவதில்லை. கொல்லாத நோய் வரலாற்றில் இடம் பெறாது போதல் இயல்பு. ஆயினும், கடந்த 200 ஆண்டுகளில் இந்த 'அற்ப' நோயைத் தொடர்ந்து சென்ற ஆராய்ச்சி, மருத்துவத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றையே மாற்றியமைத்தது. உடலைக் காக்கும் ஆற்றலே உடலை வருத்தவுங்கூடும் என்னும் உண்மை நிலைநாட்டப்பட்டதில் இந்நோய்க்கும் பெரும் பங்குண்டு. நோயின் காரணம் உடலுக்குப் புறத்தே உள்ளதா, அகத்தே உள்ளதா என்ற வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளையும், அவ்விடைகளுக்கேற்பச் சிகிச்சை மாறிய விதத்தினையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நோயின் இயல்பை வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். எமது பேச்சுவழக்கில் மூக்கின் துன்பங்கள் யாவும் 'தடிமன்' என்ற ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. ஆனால் வைரசுக்களால் உண்டாகும் தடிமன் பொதுவாக ஒன்றிரண்டு வாரங்களுள் தணிந்துவிடும்; காய்ச்சலும் உடல்நோவும் அதனுடன் வருவதுண்டு. நாசி ஒவ்வாமையோ மாதக் கணக்கில், சிலரிடத்து ஆண்டு முழுவதும் நீடிப்பது. அடுக்கடுக்கான தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, தெளிந்த நீராக ஒழுகும் மூக்கு, பின்னர் மூக்கடைப்பு ஆகியன அதன் குறிகள். காய்ச்சல் அதில் இல்லை. மூக்கினுள்ளே உள்ள சீதமென்சவ்வு இடைவிடாது அழற்சியுற்றிருப்பதே இதன் அடிப்படை.

பண்டைய விளக்கங்கள்

நாட்பட்ட நாசி நோய்களைப் பண்டையோர் அறியாதிருக்கவில்லை. ஆயுள்வேத நூலாகிய சுசுருத சங்கிதை மூக்கு நோய்களை வகைப்படுத்திக் கூறுகின்றது. சித்த மருத்துவம் இவற்றைப் 'பீனிசம்' என்ற பெயரால் அறிந்திருந்தது. உடலிலுள்ள குற்றங்கள் தம் சமநிலை இழப்பதே நோய் என்னும் கொள்கைக்கமைய, மிகுந்து நின்ற கபத்தை வெளியேற்றும் பொருட்டு மூக்கில் மருந்து விடும் நசியமும், மூலிகையிட்டு ஆவி பிடித்தலும் விதிக்கப்பட்டன. கிரேக்க மருத்துவத்திலும் மூக்கொழுகல் என்பது உடல்நீர்களின் மிகுதியாகவே கருதப்பட்டது.

இவ்வாறு பொதுப்படக் கூறிய மரபுகளுக்கிடையே, ஒரு குறித்த மனிதனின் நோயையும் ஒரு குறித்த பருவத்தையும் தொடர்புபடுத்திய பாரசீக மருத்துவர் அல்-ராசியின் சிறு நூல் தனித்து விளங்குகின்றது. அறிஞர் அபூ செய்த் அல்-பல்கி இளவேனிற் காலத்தில் ரோசா மலரை முகரும்போது மூக்கு நீரொழுகலால் ஏன் துன்புறுகின்றார் என்பதே ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்நூலின் பொருள். எல்லோருக்கும் இன்பந்தரும் மலர் ஒருவருக்கு மட்டும் துன்பந்தருவது ஏன் என்ற வினா அங்கே எழுந்துவிட்டது. ஆயினும், அதற்கு விடை காண்பதற்கான கருவிகள் அக்காலத்தில் இருக்கவில்லை.

பொஸ்ரொக்கின் கோடைத் தடிமன்

இந்நோயின் நவீன வரலாறு 1819 மார்ச் 16ஆந் திகதி தொடங்குகின்றது எனலாம். அன்று இலண்டன் மருத்துவச் சங்கமொன்றில் ஜோன் பொஸ்ரொக் என்னும் மருத்துவர் கட்டுரையொன்றை வாசித்தார். எட்டு வயது முதல் ஆண்டுதோறும் யூன் மாதத்தில் கண் சிவந்து அரிப்பதும், தும்மலும், நெஞ்சிறுக்கமும் கொண்டு வருந்திய 'ஜே. பி.' என்ற ஒரு நோயாளியை அவர் அதில் விவரித்தார். அந்நோயாளி வேறெவருமல்லர், 46 வயதினரான பொஸ்ரொக்கே ஆவர். குருதி வெளியேற்றல், பேதிக்குக் கொடுத்தல், தண்ணீரிற் குளித்தல், அபின் எனப் பலவற்றைத் தம்மீதே முயன்று பார்த்தும் அவர் பயன் காணவில்லை.

1828ஆம் ஆண்டில் அவர் தமது இரண்டாவது கட்டுரையை வெளியிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரால் திரட்ட முடிந்தவை 28 நோயாளர் பற்றிய செய்திகளே. அந்நோய்க்குக் கோடைத் தடிமன் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரொன்றையும் அவர் இட்டார். பொதுமக்களோ அதனை உலர்புல்லிலிருந்து எழும் ஆவியால் வரும் காய்ச்சல் என நம்பி 'வைக்கோற் காய்ச்சல்' என்றழைத்தனர். இந்நோயில் காய்ச்சலும் இல்லை, உலர்ந்த புல் அதன் காரணமும் அன்று. எனினும் அப்பெயரே நிலைத்தது. பொஸ்ரொக் மக்களின் கருத்தை மறுத்து, கோடை வெயிலின் வெம்மையே காரணம் என்றார். மக்களின் விளக்கம் பிழையாயினும் புல்லை நோக்கிச் சென்றது. மருத்துவரின் விளக்கமோ புல்லை விட்டு விலகிச் சென்றது. பாமரர் கருத்து முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பொஸ்ரொக் கூறிய பிறிதொரு செய்தியும் கருதத்தக்கது. தாம் அறிந்த நோயாளர் அனைவரும் நடுத்தர அல்லது உயர் வகுப்பினரே என்றும், ஏழைகளுக்கு மருந்து வழங்கும் நிலையங்களில் விசாரித்தும் ஐயத்துக்கிடமற்ற ஒரு நோயாளியையேனும் காண முடியவில்லை என்றும் அவர் எழுதினார். தும்மலுக்காக வேலையை விட்டு வைத்தியரை நாடும் வசதி ஏழைக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் அது மட்டுமே விளக்கமாகுமா என்ற வினா அடுத்த நூற்றாண்டின் இறுதிவரை தொடர்ந்து வந்தது.

மகரந்தமும் உழவர் புதிரும்

புல்லின் மகரந்தமே காரணமாகலாம் என்ற கருத்தை 1831இல் ஜோன் எலியற்சன் என்னும் இலண்டன் பேராசிரியர் வெளியிட்டார். ஆயினும் அதனைச் சோதனை மூலம் நிறுவிய பெருமை மன்செஸ்ரர் நகர மருத்துவரான சாள்ஸ் ஹரிசன் பிளக்லியைச் சாரும். அவரும் இந்நோயால் வருந்தியவரே. 1859இல் வீட்டிலே சாடியில் வைக்கப்பட்டிருந்த புற்பூங்கொத்தின் அருகே சென்றபோது தமக்குத் தும்மல் எழுந்ததைக் கண்ட அவர், வெயில், வெம்மை, தூசி, மணம் என அக்காலத்திற் கூறப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாகத் தம் உடலிலேயே சோதித்து விலக்கினார். மகரந்தத்தை மூக்கிலும் கண்ணிலும் இட்டுப் பார்த்தார். கையின் தோலைச் சுரண்டி ஈரமான மகரந்தத்தை வைத்தபோது அவ்விடம் தடித்து வீங்கி அரித்தது. இன்று ஒவ்வாமை கண்டறியச் செய்யப்படும் தோற் சோதனையின் மூதாதை இதுவே.

அவர் இத்துடன் அமையவில்லை. பசைபூசிய கண்ணாடித் தகடுகளைத் திறந்த வெளியில் வைத்து, அவற்றில் நாள்தோறும் ஒட்டிய மகரந்தமணிகளை நுணுக்குக்காட்டியால் எண்ணினார். மகரந்தத்தின் தொகை கூடிய நாள்களில் தம் நோயும் கூடியதைக் கண்டார். பட்டங்களிற் கட்டித் தகடுகளை உயரே செலுத்தி, மகரந்தம் வானில் வெகுதூரம் மிதந்து செல்வதையும் காட்டினார். நகரின் நடுவே வாழ்வோருக்கும் நோய் வருவது இதனால் விளங்கிற்று. 1873இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் முதற் சோதனை நூல் எனத்தக்கது.

இதே காலப்பகுதியில் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மொறில் வைமன் என்பவர், அந்நாட்டில் இலையுதிர் காலத்தை ஒட்டி வரும் நோய்க்கு றாக்வீட் என்னும் களைச்செடியைக் காரணமாகக் காட்டினார். நோயற்ற இடமாகிய வெண்மலைப் பகுதிக்கு அச்செடியை எடுத்துச் சென்று, அவரும் அவர் மகனும் முகர்ந்து நோயை வருவித்துக் கொண்டனர். அவரது நூல் 1872இல் வெளிவந்தது.

காரணம் கண்டறியப்பட்டதும் ஒரு முரண்பாடு மேலெழுந்தது. மகரந்தமே காரணமாயின், அதனிடையே நாள் முழுதும் உழைக்கும் உழவனுக்கன்றோ முதலில் நோய் வருதல் வேண்டும்? உண்மையில் உழவரிடையே அது மிக அரிதாகவே காணப்பட்டது. பிளக்லி இருவகை விளக்கம் தந்தார். கல்வியாலும் உளவுழைப்பாலும் உண்டாகும் நுண்ணுணர்வு உழவருக்கு இல்லாமை ஒன்று; இடைவிடாது மகரந்தத்தோடு பழகியமையால் அவர்கள் உடல் அதற்கு ஈடுகொடுக்கப் பழகிவிட்டமை மற்றொன்று. இரண்டாவது விளக்கம் பிற்காலத்தில் பெரும் பொருள் பெற்றது. ஆனால் அக்கால உயர்வகுப்பினர் விரும்பி ஏற்றது முதலாவதையே.

நியூயோர்க் மருத்துவர் ஜோர்ஜ் பியட் 1876இல் இந்நோயை நரம்புத்தளர்ச்சியின் ஒரு வடிவமென விளக்கினார். நாகரிக வாழ்வின் நெருக்கடியால் விளைவது என்ற கருத்து அதனை ஏறக்குறைய ஒரு தகுதிச் சின்னமாக்கியது. நியூ ஹம்சயர் மாநிலத்துப் பெத்லகேம் என்னும் மலையூரில் 1874இல் நோயாளர் தமக்கெனச் சங்கமொன்றையே நிறுவினர். வசதி படைத்தோர் பருவந்தோறும் அங்கே விடுதிகளிற் தங்கி நோயிலிருந்து தப்பினர். காரணம் புறத்தே உள்ளது எனின் அதனை விட்டு ஓடுவதே சிகிச்சை. ஓடுவதற்குப் பணம் வேண்டும். ஒரு நோயின் விளக்கமும் சிகிச்சையும் சமுதாய அமைப்பிலிருந்து பிரிக்க முடியாதவை என்பதை இது நன்கு புலப்படுத்துகின்றது.

தவறான கொள்கையும் பயன்தரு சிகிச்சையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணங்கியியல் பெருவெற்றி கண்டது. தொண்டைக்கரப்பான் போன்ற நோய்களில் நுண்ணங்கிகள் நஞ்சைச் சுரக்கின்றன என்பதும், அந்நஞ்சுக்கெதிரான நீர்ப்பாயம் உயிர் காக்கும் என்பதும் தெளிவாயின. இவ்வெற்றியின் நிழலில், மகரந்தமும் ஒரு நஞ்சைக் கொண்டதாதல் வேண்டுமெனக் கருதப்பட்டது. ஹம்பேர்க் நகரில் பணியாற்றிய வில்லியம் டன்பார், குதிரைகளுக்கு மகரந்தத்தை ஏற்றிப் பெற்ற நீர்ப்பாயத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருந்தாக வெளியிட்டார். அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

இலண்டன் சென் மேரி மருத்துவமனையைச் சேர்ந்த லெனாட் நூன் இதே கொள்கையை மறுமுனையிலிருந்து அணுகினார். நஞ்செதிரியை வெளியிலிருந்து கொடுப்பதற்குப் பதிலாக, மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாகக் கூட்டி ஊசி மூலம் ஏற்றினால் நோயாளியின் உடலே எதிர்ப்பை உண்டாக்கிக் கொள்ளும் என்பது அவர் கருத்து. 1911 யூனில் அவரது கட்டுரை வெளியாயிற்று. காசநோயுற்ற நூன் 1913இல் இளவயதிலேயே இறந்தார். அவரது பணியை ஜோன் பிறீமன் தொடர்ந்தார். 1954இல் வில்லியம் பிராங்லன்ட் ஒப்பீட்டு முறையிற் செய்த ஆய்வு இச்சிகிச்சையின் பயனை உறுதிப்படுத்தியது.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியதொன்றுண்டு. மகரந்தத்தில் நூன் எண்ணிய நஞ்சு எதுவுமில்லை. அவர் கொண்ட கொள்கை தவறு. ஆனால் அக்கொள்கையிலிருந்து பிறந்த சிகிச்சை பயன் தந்தது. நூறாண்டு கடந்தும் நிலைத்துள்ளது. ஊசியால் சில நோயாளர் இறந்தமை காரணமாகப் பிரித்தானியாவில் 1986இல் அதன் பயன்பாடு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இன்று நாவின் கீழ் வைக்கும் மாத்திரை வடிவிலும் அது வழங்கப்படுகின்றது. அறிவியலில் சிகிச்சையின் வெற்றி கொள்கையின் உண்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

காப்பே தீங்காதல்

விளக்கத்திலேற்பட்ட உண்மையான திருப்பம் மூக்கைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வரவில்லை. 1902இல் பிரெஞ்சு அறிஞர்களான சாள்ஸ் றிஷே, போல் போர்த்தியே ஆகியோர் கடற்சாமந்தி என்னும் கடலுயிரியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு ஏற்றி, அவற்றை அந்நஞ்சுக்குப் பழக்க முயன்றனர். சில வாரங்களின்பின் மீண்டும் சிறிதளவு ஏற்றியபோது, காப்புப் பெற்றிருக்க வேண்டிய நாய் அரைமணி நேரத்துள் இறந்தது. காப்புக்கு எதிரானது எனப் பொருள்படும் பெயரொன்றை அவர்கள் இந்நிகழ்ச்சிக்கு இட்டனர். றிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

வியன்னா நகரக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே 1906இல் இதனைப் பொதுமைப்படுத்தினார். நீர்ப்பாயம் ஏற்றப்பட்ட குழந்தைகள் சிலருக்கு நோய் காண்பதை அவர் பேலா ஷிக் என்பவருடன் ஆராய்ந்திருந்தார். ஒரு பொருளை முதன்முறை சந்தித்த உடல் மறுமுறை அதனை வேறுவிதமாக எதிர்கொள்கின்றது. அம்மாறுபாடு காப்பாகவும் அமையலாம், நோயாகவும் அமையலாம் என்றார். இம்மாறிய எதிர்வினையைக் குறிக்க அவர் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கிய 'அலேர்ஜி' என்ற சொல்லையே நாம் 'ஒவ்வாமை' என்கின்றோம். அதே ஆண்டில் அல்பிரட் வொல்ப்-ஐஸ்னர் என்னும் ஜேர்மனியர் வைக்கோற் காய்ச்சலும் இவ்வகையினதே என எடுத்துரைத்தார். நஞ்சு மகரந்தத்தில் இல்லை; உடலின் எதிர்வினையே நோய்.

அவ்வெதிர்வினைக்குக் குருதியில் ஒரு காரணி இருத்தல் வேண்டும் என்பதை 1921இல் காள் பிரவுஸ்னிற்சும் ஹைன்ஸ் கூஸ்ற்னரும் காட்டினர். கூஸ்ற்னருக்கு மீன் ஒவ்வாது. அவரது நீர்ப்பாயத்தைப் பிரவுஸ்னிற்சின் தோலினுட் செலுத்தி, மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது தோல் தடித்தது. ஒருவரின் ஒவ்வாமை மற்றொருவர் தோலுக்கு மாற்றப்பட்டது. அக்காரணியைப் பிரித்தறிய மேலும் 45 ஆண்டுகள் கழிந்தன. 1966இல் அமெரிக்காவிற் பணியாற்றிய யப்பானியத் தம்பதியரான கிமிஷிகே, தெருகோ இஷிசாக்கா ஆகியோரும், 1967இல் சுவீடன் நாட்டு யோகான்சன், பெனிச் ஆகியோரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். 1968இல் அது இமியூனோகுளோபுலின் ஈ எனப் பெயர் பெற்றது. நாசியின் சீதமென்சவ்விலுள்ள மாஸ்ற் கலங்களில் இப்பிறபொருளெதிரி ஒட்டியிருக்கின்றது. மகரந்தம் வந்து அதனோடு இணைந்ததும் கலங்கள் ஹிஸ்ரமின் முதலிய இரசாயனப் பொருள்களை வெளிவிடுகின்றன. அவற்றால் நரம்புகள் தூண்டப்பட்டுத் தும்மலும், குருதிக்கலன்கள் விரிந்து அடைப்பும், சுரப்பிகள் பெருகி ஒழுகலும் உண்டாகின்றன.

மருந்துகளின் காலம்

இப்பொறிமுறை முழுவதும் விளங்குமுன்னரே அதன் தனித்தனிக் கண்ணிகளை அறுக்கும் மருந்துகள் தோன்றின. சீன மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிய மா ஹுவாங் என்னும் மூலிகையின் சத்தாகிய எபெட்ரின், 1924இல் சென், சிமித் ஆகியோரின் ஆய்வினால் மேலை மருத்துவத்துள் நுழைந்தது. விரிந்த குருதிக்கலன்களைச் சுருக்கி அடைப்பை நீக்குவது அதன் செயல். இன்று கடைகளில் எளிதிற் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டுமருந்துகள் இவ்வழி வந்தவையே. அவற்றைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து பாவிப்பின் மருந்து நீங்கியதும் அடைப்பு முன்னிலும் மிகுந்து, மருந்தே நோய்க்குக் காரணமாகிவிடும்.

பாரிஸ் பஸ்ரியர் நிலையத்தில் டானியல் பொவே, ஆன்-மரி ஸ்ரோப் ஆகியோர் 1937இல் ஹிஸ்ரமினுக்கெதிரான முதற் சேர்வையைக் கண்டனர். அது மனிதருக்குக் கொடுக்க இயலாத அளவு நச்சுத்தன்மை உடையதாயினும், 1940களில் பயன்தரு மருந்துகள் அதனைத் தொடர்ந்து வந்தன. பொவே 1957இல் நோபல் பரிசு பெற்றார். இம்மருந்துகள் தும்மலைத் தணித்தன. ஆனால் மூளையையும் எட்டித் தூக்கத்தை விளைத்தன. பரீட்சைக் காலத்தில் மாணவன் தும்மலுக்கும் தூக்கத்துக்குமிடையே ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியவனானான். தூக்கம் தராத மருந்துகள் 1980களில் பரவின. அவற்றுள் முன்னோடியான தெர்பெனடின் இதயத் துடிப்பைச் சிலரிடம் பாதித்தமையால் 1990களின் பிற்பகுதியில் கைவிடப்பட்டது.

றொஜர் அல்துனியான் என்னும் மருத்துவர், தாமே ஆஸ்துமா நோயாளியாதலின், புதிய சேர்வைகளை உட்கொண்டபின் ஒவ்வாத பொருளைச் சுவாசித்துத் தம்மையே சோதனைக்குள்ளாக்கினார். 1960களில் குரோமோகிளைக்கேற் என்ற மருந்து இவ்வாறு உருவாயிற்று. பொஸ்ரொக் முதல் இவர் வரை நோயாளியே ஆராய்ச்சியாளனாகவும் விளங்கியமை இத்துறையின் தனிச்சிறப்பு. 1973 முதல் மூக்கினுள் மட்டும் தெளிக்கப்படும் ஸ்ரெரொயிட் மருந்து, உடல் முழுவதற்கும் ஊறு செய்யாது அழற்சியையே தணிக்க வழி செய்தது. ஒழுங்காகப் பாவிக்கும்போதே அது பயன் தரும். நாட்பட்ட நோயின் சிகிச்சையில் இன்று அதுவே முதன்மை பெறுகின்றது.

வீட்டுத் தூசியும் புதிரின் மீள்வருகையும்

உலர்புல் வெட்டும் பருவமே அறியாத எமது நாட்டில் இவ்வரலாற்றுக்கு என்ன பொருள் எனக் கேட்கலாம். 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர் வூர்ஹொர்ஸ்ற்றும் ஸ்பீக்ஸ்மாவும், வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குக் காரணம் அத்தூசியில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகளே எனக் காட்டினர். மனிதத் தோலின் செதில்களை உண்டு மெத்தையிலும் தலையணையிலும் வாழும் அவை வெப்பமும் ஈரப்பதனும் மிக்க சூழலிற் செழிப்பவை. ஆதலின் அயனமண்டல நாடுகளில் நோய் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவதில்லை, படுக்கையிலேயே குடிகொள்கின்றது. காலையில் எழுந்ததும் தும்முபவனை 'எப்போதும் தடிமன்காரன்' எனத் தள்ளிவிடுவது இதனை அறியாமையின் விளைவே. நாசி ஒவ்வாமை உடையோரிடையே தொய்வு எனப்படும் ஆஸ்துமாவும் மிகுதியாகக் காணப்படுவதால், அப்புறக்கணிப்பு சிறு தவறன்று.

1989இல் டேவிட் ஸ்ராகன் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் பிளக்லியின் பழைய புதிரை மீண்டும் கிளப்பினார். 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிள்ளைகளை ஆராய்ந்ததில், மூத்த சகோதரர் கூடக்கூட வைக்கோற் காய்ச்சல் குறைந்ததை அவர் கண்டார். இளமையில் தொற்றுகளோடு பழகாத உடலில் ஒவ்வாமை எளிதில் தோன்றுகின்றது என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது. ஐரோப்பாவின் பண்ணைகளில் கால்நடைகளோடு வளரும் பிள்ளைகளிடையே ஒவ்வாமை குறைவு என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. உழவனின் காப்பு அவனது கல்வியின்மையிலன்று, அவன் வாழ்ந்த சூழலிலேயே இருந்தது. வறுமையின் அழுக்கைப் போற்றுவதற்கு இது நியாயமாகாது. தூய நீரும் தடுப்பூசியும் காத்த உயிர்கள் கோடிக்கணக்கானவை. வாழ்க்கை முறை மாறும்போது நோயின் முகமும் மாறுகின்றது என்பதே இதிலிருந்து பெறத்தக்கது.

தொகுத்து நோக்கின், நோயின் காரணம் வெயிலிலிருந்து மகரந்தத்துக்கும், மகரந்தத்தின் நஞ்சிலிருந்து உடலின் எதிர்வினைக்கும், அங்கிருந்து உடல் வளர்ந்த சூழலுக்கும் இடம்பெயர்ந்து வந்துள்ளமை புலனாகும். குருதி வடித்தல், மலைவாசம், ஊசி, மாத்திரை, தெளிமருந்து ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு விளக்கத்தின் வழி வந்தது. புதியது வந்தபோது பழையது முற்றாக அழிந்துவிடவுமில்லை. இவ்வகையில் 'ஒவ்வாமை' என்ற தமிழ்ச் சொல் ஆழ்ந்த பொருள் உடையது. அது குற்றத்தை மகரந்தத்தின்மீதும் சுமத்தவில்லை, மனிதன்மீதும் சுமத்தவில்லை; இரண்டும் ஒன்றோடொன்று ஒவ்வாத உறவையே குறிக்கின்றது. அவ்வுறவு எவ்விடத்தில், எவ்வயதில், எத்தகைய வாழ்வினால் முறிகின்றது என்பதை எமது வெப்பமண்டலச் சூழலுக்கேற்ப ஆராய்வது இனி வரும் ஆய்வாளரின் கடனாகும்.